வாசகர் கேள்வி – பதில்: உப்புக் காற்றுக்கு ஏற்ற பழைய ஃபிலிம் கேமரா எது?

கேள்வி: ஐயா, நான் தங்கச்சிமடத்தில் பள்ளி ஆசிரியர். பல ஆண்டுகளாக 35 மி.மீ. ஃபிலிமிலும் பிறகு டிஜிட்டலிலும் படம் எடுத்து வருகிறேன். கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களையும், தனுஷ்கோடியில் எஞ்சி நிற்கும் கட்டடங்களையும், கரையேற்றி வைத்த வத்தைப் படகுகளையும் பெரிய நெகடிவில் எடுத்து எங்கள் பள்ளியில் கண்காட்சியாக வைக்க வேண்டும் என்று ஆசை. யாஷிகா மேட் 124ஜி, ஹாசல்பிளாட் 500சி/எம், மாமியா ஆர்.பி.67, பென்டாக்ஸ் 67 ஆகிய நான்கைப் பற்றியும் படித்துப் படித்துக் குழம்பிப் போயிருக்கிறேன். எதை வாங்கலாம்? வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: நான்கில் யாஷிகா மேட் 124ஜி கேமராவையே வாங்குங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது மற்ற மூன்றையும்விட உயர்ந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருபுறம் வடகடலும் மறுபுறம் தென்கடலுமாக, ஆண்டு முழுவதும் உப்புக் காற்று ஓயாத தீவில் நீங்கள் இருக்கிறீர்கள். அங்கே ஒரு பழைய கேமரா எத்தனை ஆண்டு பழுதில்லாமல் உழைக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காற்றும் ஈரமும் மணலும் புகுவதற்கு எவ்வளவு குறைந்த வழிகள் இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு அந்தக் கேமரா உங்களுக்கு ஏற்றது.

நான்கும் 120 ஃபிலிமில் இயங்குபவை. 1901இல் கோடக் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தச் சுருள் இன்றும் புதிதாகத் தயாராகிக் கடைக்கு வருகிறது என்பதால், ஃபிலிம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலை வேண்டாம். யாஷிகாவிலும் ஹாசல்பிளாடிலும் ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்கள் கிடைக்கும். மாமியாவிலும் பென்டாக்ஸிலும் சற்றே நீளமான 10 படங்கள் கிடைக்கும். சதுர நெகடிவ் ஏறத்தாழ 56 மி.மீ.க்கு 56 மி.மீ. இருக்கும். நீங்கள் இதுவரை எடுத்து வந்த 36க்கு 24 மி.மீ. நெகடிவைவிடப் பரப்பில் அது மூன்றரை மடங்குக்கும் அதிகம். கண்காட்சிக்காகப் பெரிதாக்கும்போது, நனைந்த கயிற்றின் இழையும் வத்தைப் பலகையின் வெடிப்பும் மணிமணியாகச் சிதறாமல் நிற்பதற்கு இந்தப் பரப்பே காரணம்.

மற்ற மூன்றையும் ஏன் தள்ளி வைக்கச் சொல்கிறேன் என்று பார்ப்போம். மாமியா ஆர்.பி.67 அருமையான கருவி. பேட்டரியே இல்லாமல் இயங்கும். பின்பகுதியைத் திருப்பினால் கேமராவைச் சாய்க்காமலே கிடைமட்டப் படத்தைச் செங்குத்தாக்கிக்கொள்ளலாம். ஆனால் லென்ஸோடு சேர்த்து இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை வரும் அந்தக் கேமரா ஸ்டுடியோவுக்காகப் பிறந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் பாசிக்காரப் பெண்களின் பின்னே போக முடியாது. 1969இல் வந்த பென்டாக்ஸின் ஷட்டர் மின்னணு முறையில் இயங்குவது, பேட்டரி இறந்தால் கேமராவும் நின்றுவிடும். உப்பு ஈரம் முதலில் கை வைப்பது மின் இணைப்புகளில்தான் என்பது கடலோரத்தில் மின்விசிறியும் தொலைக்காட்சியும் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஹாசல்பிளாடின் 80 மி.மீ. பிளானார் லென்ஸ் தரும் படத்துக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் லென்ஸ், உடல், ஃபிலிம் பெட்டி என மூன்றாகக் கழற்றி மாட்டும் அமைப்பு அது. காற்று வீசும் கரையில் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மணலுக்குக் கதவு திறந்துவிடுகிறோம். ஷட்டரை ஏற்றாமல் லென்ஸைக் கழற்றி மாட்டினால் இயக்கம் சிக்கிக்கொள்வதும் உண்டு. சிக்கினால் அதைப் பிரித்துச் சீர் செய்யத் தெரிந்தவரைத் தேடிச் சென்னைக்கோ அதற்கு அப்பாலோ போக வேண்டியிருக்கும்.

யாஷிகா மேட் 1970இல் வெளிவந்தது. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேலுள்ளது பார்ப்பதற்கு, கீழுள்ளது படம் பிடிப்பதற்கு. கீழே இருக்கும் 80 மி.மீ. எஃப் 3.5 யாஷினான் நான்கு கண்ணாடித் துண்டுகளால் ஆனது. முழுத் திறப்பில் ஓரங்கள் சற்று மென்மையாக இருந்தாலும், துளையைக் குறுக்கி எஃப் 8 வைத்தால் உங்கள் தேவைக்கு மேலேயே கூர்மை கிடைக்கும். லென்ஸைக் கழற்ற முடியாது என்பதை ஒரு குறையாகச் சொல்வார்கள். கடற்கரைக்காரர்களுக்கு அது வரம். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே அமைந்த இலை ஷட்டர் என்பதால் சத்தம் மிகக் குறைவு, அதிர்வும் குறைவு. ஷட்டருக்குப் பேட்டரி தேவையில்லை. உள்ளிருக்கும் ஒளிமானி மட்டுமே பேட்டரியைக் கேட்கும். எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். இந்தக் கேமராவை வயிற்றோடு வைத்துக்கொண்டு, தலை குனிந்து மேலிருந்து கண்ணாடித் திரையைப் பார்க்க வேண்டும். முகத்துக்கு முன்னால் கேமராவைத் தூக்கி நீட்டும் வேலையே இல்லை. நனைந்த சட்டையும் துணி சுற்றிய கைகளும் கண்களில் கண்ணாடியுமாகக் கரையேறும் பெண்களின் முன்னே, ஒருவர் தலை தாழ்த்தி நிற்பதற்கும் ஒற்றைக் கண்ணை மூடிக் குறி பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் முதல் நாளே உணர்வீர்கள். அனுமதி கேட்பது கேட்பதுதான். கேட்ட பிறகும் அவர்களோடு பேசிக்கொண்டே படம் எடுக்க இந்த அமைப்பு இடம் தருகிறது. திரையில் இடமும் வலமும் மாறித் தெரியும் என்பதால், நகரும் படகைத் தொடரும்போது முதல் இரண்டு சுருள்கள் வரை கை எதிர்ப்பக்கமாகவே போகும். பிறகு பழகிவிடும்.

இனி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை. பழைய கேமராவில் பெயர் பாதி, நிலை மீதி என்பார்கள். கடலோரத்தில் நிலையே முக்கால் பங்கு என்று நான் சொல்வேன். பூஞ்சை பிடித்த, பேர்பெற்ற ரோலைஃப்ளெக்ஸ் கேமராவைவிடக் கண்ணாடி தெளிந்த சாதாரண யாஷிகா மேலானது. முதலில் பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி' நிலையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, துளையை முழுவதும் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து லென்ஸைச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல் கிளை பிரிந்து ஓடினால் பூஞ்சை. பனி படர்ந்தது போல் ஒரே சீராக மங்கியிருந்தால் எண்ணெய் ஆவி படிந்தது. ஓரத்திலிருந்து வானவில் நிறத்தில் பிறைபோல் உள்நோக்கி வந்தால் கண்ணாடிகளை ஒட்டிய பசை பிரிகிறது என்று பொருள். இரண்டாவதாகச் சொன்ன மங்கலைச் சுத்தம் செய்யலாம். முதலாவதை ஆரம்ப நிலையில் மட்டுமே சுத்தம் செய்யலாம். மூன்றாவது இருந்தால் வாங்காதீர்கள். தூசித் துகள் நான்கைந்து இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். அரை நூற்றாண்டு வாழ்ந்த எந்த லென்ஸிலும் அது இருக்கும்.

அடுத்து ஷட்டரைக் காதால் சோதியுங்கள். 1 நொடியில் வைத்து அழுத்தினால் உள்ளே பல்சக்கரம் தடையில்லாமல் ஒரே சீராக ஓடி நிற்க வேண்டும். இழுத்து இழுத்து ஓடினாலோ பாதியில் நின்றாலோ உள்ளே எண்ணெய் கெட்டியாகியிருக்கிறது; பிரித்துக் கழுவும் செலவையும் விலையோடு கூட்டிக்கொண்டு முடிவு செய்யுங்கள். குவிப்புக் குமிழைத் திருப்பும்போது முன்பலகை இருபுறமும் சமமாக வெளியே வருகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். கீழே விழுந்த கேமராவில் ஒரு பக்கம் முந்திக்கொண்டு வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சுருளை ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நான் முதன்முதலில் வாங்கிய இரட்டை லென்ஸ் கேமராவின் கண்ணாடி கிணற்றுத் தண்ணீர் போல் தெளிவாக இருந்தது. விற்றவர் சொன்னதை நம்பி வாங்கிக்கொண்டு நேரே பாம்பனுக்குப் போனேன். விடியலில் படகுகள் கரைக்கு வரும் நேரம் முழுச் சுருளையும் எடுத்து முடித்தேன். கழுவிப் பார்த்தபோது ஆறாவது படத்திலிருந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு படகின் அணியம் (முன்முனை) அடுத்த படத்திலிருந்த பெரியவரின் தோளில் குத்தி நின்றது. சுருளைத் தள்ளும் பல்சக்கரம் தேய்ந்திருந்ததுதான் கோளாறு. கைப்பிடியைச் சுற்றும்போது வெறும் கேமராவில் அது தெரியவே தெரியாது. ஆகவே ஒரு 120 சுருளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதை மாட்டி, பின்கதவை மூடி, முழுச் சுருளையும் எடுத்துக் கழுவிப் பாருங்கள். முடிவில் சுருளை விரித்துப் பார்த்தால் 12 சதுரங்களும் இடைவெளி விட்டு விட்டு நிற்க வேண்டும்.

வாங்கிய பின், இந்த லென்ஸுக்குப் பொருந்தும் பேயனட் 1 அளவில், லென்ஸைக் காக்கும் யு.வி. ஃபில்டர் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள். அரிச்சல்முனையில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் கணுக்கால் உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அது கீழே வைத்த பையையும் லென்ஸையும் ஒரே மாதிரிதான் தேய்க்கும். சுருள் மாற்றுவதை வண்டிக்குள்ளோ சுவர் மறைவிலோ நிழலில் செய்யுங்கள். வெயிலில் மாற்றினால் ஓரங்களில் வெளிச்சம் ஊடுருவிப் படத்தின் விளிம்பு கெடும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த மெல்லிய துணியால் உடலைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். கூடவே வரும் தோல் உறையில் வைத்து மூடிவிடாதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு பூஞ்சைக்கு ஊட்டும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானதும், சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு வாணலியில் இளஞ்சூட்டில் புரட்டினால் மீண்டும் நீலமாகும். மாதத்தில் இரண்டு முறையாவது கேமராவை வெளியே எடுத்து எல்லா ஷட்டர் வேகத்திலும் இயக்குங்கள். அடிக்கடி கையில் எடுக்கும் கேமராவில் பூஞ்சை நெடுநாள் குடியிருப்பதில்லை.

கேள்வி: என் வாப்பா இளமையில் கொழும்பில் வியாபாரத்தில் இருந்தார்கள். அங்கிருந்து அவர்கள் கொண்டுவந்த ஆக்ஃபா ஐசோலெட் என்ற மடிப்புக் கேமரா அலமாரியில் கிடைத்தது. லென்ஸில் வெள்ளை நூல் போல் ஏதோ ஓடுகிறது. பின்னால் உள்ள சிவப்புக் கண்ணாடியில் 7 என்ற எண் தெரிகிறது. உள்ளே ஃபிலிம் இருக்கிறதா? இந்தக் கேமராவை நான் பயன்படுத்த முடியுமா? – கீழக்கரை வாசகி

பதில்: சகோதரி, தயவுசெய்து பின்கதவைத் திறக்க வேண்டாம். இந்தக் கடிதம் எனக்கு வந்து சேர்வதற்குள் திறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எண் தெரிகிறது என்றால் சுருள் உள்ளேதான் இருக்கிறது. ஆறு படங்களை அவர்கள் எடுத்து முடித்து ஏழாவதுக்குத் தள்ளி வைத்திருக்கலாம், அல்லது ஏழாவதையும் எடுத்திருக்கலாம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பதிந்த உருவம், கழுவாமல் பல பத்தாண்டுகள் கிடந்தாலும், மங்கலாகவேனும் எஞ்சியிருப்பது உண்டு. உங்கள் வாப்பாவின் கண்ணில் பட்ட ஏதோ ஒன்று அந்தச் சுருளில் இன்னும் காத்திருக்கக்கூடும்.

முதலில் சிவப்புக் கண்ணாடியின் மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள். அந்தக் கண்ணாடி சிவப்பு ஒளியை உணராத பழங்கால ஃபிலிமுக்காக வைக்கப்பட்டது. எல்லா நிறத்தையும் உணரும் ஃபிலிம் உள்ளே இருந்தால் அதன் வழியே கெட்டுவிடும். பிறகு இரவில், ஜன்னல்களை மூடிய அறையில், மேலுள்ள குமிழை அதன் அம்புக்குறி காட்டும் திசையில் மிக மெதுவாகச் சுற்றுங்கள். பிடிப்பு விட்டு இலகுவாகும் வரை சுற்றினால் சுருள் முழுவதும் மறுபக்கம் ஏறிவிடும். நடுவில் இறுகினால் வலிந்து திருப்பாதீர்கள். பழைய காகிதம் ஃபிலிமோடு ஒட்டிக் கிழியும். அப்படியானால் கேமராவையே அப்படியே ஒப்படைக்க வேண்டியதுதான். கழுவுவதற்குச் சாதாரண கலர் லேபில் கொடுக்காமல், பழைய கறுப்பு வெள்ளைச் சுருள்களைக் கையால் கழுவுபவரைத் தேடிக் கொடுங்கள். பழைய ஃபிலிமில் படரும் மூட்டத்தைக் குறைப்பதற்காக எச்.சி.110 போன்ற டெவலப்பரை (படத்தை வெளிக்கொணரும் கரைசலை) அவர்கள் பயன்படுத்துவார்கள். அவசரம் இல்லை, தகுந்த ஆள் கிடைக்கும் வரை சுருளை அலுமினியத் தாளில் சுற்றி, உறையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருங்கள்.

கேமராவைப் பொறுத்தவரை, நீங்கள் சொல்லும் வெள்ளை நூல் பூஞ்சைதான். அது கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தால், துடைத்த பிறகும் தடம் இருக்கும். ஐசோலெட்டில் பூஞ்சையைவிடப் பெரிய தொல்லைகள் இரண்டு உண்டு. மடிப்புத் துருத்தியின் மூலைகளில் ஊசித்துளைகள் விழுந்திருக்கும். சுருளை எடுத்த பிறகு, இருட்டறையில் துருத்திக்குள் டார்ச்சை வைத்து வெளியிலிருந்து பார்த்தால் நட்சத்திரம் போல் மினுங்கும். குவிப்பு வளையத்தில் தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் பசைபோல் இறுகிக் கல்லாகியிருப்பது மற்றொன்று. இரண்டையும் அனுபவமுள்ளவர் சரிசெய்ய முடியும். ஆனால் முன்கண்ணாடியைக் கழற்றினால் குவிப்பை மறுபடி அளந்து பொருத்த வேண்டும் என்பதால் வீட்டில் முயல வேண்டாம். செலவு கேமராவின் விலையைத் தாண்டினாலும் தாண்டும். வாப்பாவின் கேமரா என்பதால் அதைச் செய்யுங்கள் என்றே நான் சொல்வேன்.

கேள்வி: தொண்டியில் கல்லூரி மாணவன் நான். கறுப்பு வெள்ளை 120 சுருளை வீட்டிலேயே கழுவ விரும்புகிறேன். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது உவர்த் தண்ணீர். வெயில் காலத்தில் அது சுடவும் செய்கிறது. முடியுமா?

பதில்: முடியும் தம்பி. டெவலப்பர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் மட்டும் கேன் தண்ணீர் பயன்படுத்து. இடையில் ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) போக அலசுவதற்கு, உவர்ப்பு மிகக் கடுமையாக இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரே போதும். ஆனால் கடைசி அலசலைக் குழாய்த் தண்ணீரில் செய்தால் காய்ந்ததும் நெகடிவில் உப்புப் பூத்த வட்டங்கள் நிற்கும். கேன் தண்ணீரில் ஈரமூட்டும் திரவத்தை மிகச் சில சொட்டுகள் மட்டும் விட்டு அரை நிமிடம் வைத்துத் தொங்கவிடு.

வெப்பநிலைதான் நம் ஊரில் உண்மையான சிக்கல். இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் ஃபிலிமை நீர்க்காத டி-76 டெவலப்பர் கரைசலில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் கழுவ வேண்டும். தண்ணீர் 30 டிகிரி இருந்தால் நேரம் மிகவும் சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் கரைசல் ஃபிலிம் முழுவதும் சீராகப் பரவுவதற்குள் வேலை முடிந்து, வானப் பகுதியில் திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் ஊற்றி, உறைந்த தண்ணீர்ப் பாட்டில்களைப் போட்டு, டெவலப்பர், ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாக அதில் இறக்கி வை. 24 டிகிரிக்கு வந்தாலே போதும், அந்த வெப்பநிலைக்கு உரிய நேரத்தை ஃபிலிம் நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்துக்கொள். எல்லாக் கரைசலும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பெரிய வேறுபாடு இருந்தால் ஃபிலிமின் மேல்படலம் காய்ந்த குளத்து மண் போல வெடிக்கும்.

இருட்டுப் பைக்குள் கைவிட்டுச் சுருளை ரீலில் ஏற்றும்போது நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு நிமிடத்தில் கை வியர்த்துவிடும். ஈரம் பட்ட ஃபிலிம் ரீலில் நகராது. விடியற்காலையில் செய். வீணான ஒரு சுருளை வைத்து, முதலில் கண் திறந்தும் பிறகு கண்ணை மூடியும் இருபது முறையாவது பழகிக்கொள். நம் தமிழ்நாட்டிலேயே, உதகையில் இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்த காலம் உண்டு. இப்போது நாம் வாங்குவது எல்லாம் இறக்குமதி, விலையும் அதிகம். பழகாத கையால் ஒரு சுருளைக்கூடக் கெடுத்துக்கொள்ளாதே.

கேள்வி: யாஷிகா மேட் 124ஜி வைத்திருக்கிறேன். ஒளிமானிக்கான பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை. – தேவிபட்டினம் வாசகர்

பதில்: அது கேட்கும் 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரி இப்போது தயாரிக்கப்படுவதில்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் முள் கூடுதலாக ஏறி, வெளிச்சம் அதிகம் இருப்பதாகக் காட்டும். நம்பி எடுத்தால் படம் இருண்டுபோகும். காது கேட்கும் கருவிக்கு விற்கும் 675 எண் துத்தநாகக் காற்றுப் பேட்டரி ஏறத்தாழ 1.4 வோல்ட் தருவதால் அது பொருந்தும். அளவில் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வைக்க வேண்டும். மேலுள்ள ஒட்டுத்தாளை உரித்ததிலிருந்து, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், அது தீர்ந்துகொண்டே வரும்.

கடற்கரையில் பகலில் மட்டுமே எடுப்பீர்கள் என்றால் ஒளிமானி இல்லாமலே சமாளிக்கலாம். 100 வேக ஃபிலிமுக்குத் தெளிந்த வெயிலில் 1/125 நொடி, எஃப் 16. நவபாஷாணத்தைச் சுற்றியுள்ள தண்ணீர் கண் கூசும்படி பளபளக்கும் நேரத்திலோ வெண்மணலிலோ எஃப் 22. மேகம் மெல்லியதாக மூடினால் எஃப் 11, நிழல் விழாத அளவுக்கு மூடினால் எஃப் 8. இந்த நான்கு எண்களையும் ஒரு சிறு தாளில் எழுதிக் கேமராவின் பின்கதவில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.